கை நனைக்க ஓர் ஓட்டல்

இந்தப் பக்கம் உங்களுக்கு டவர் கிடைக்குதா சார்? எனக்கு ரெண்டு கோடு காட்டுது, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் ஒண்ணுமே இல்லை. ரயில் விழுப்புரம் தாண்டினதுலேர்ந்து இப்படித்தான். தப்பா நினைக்காதீங்க. ஒரு போன் வரணும். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லி அனுப்புறோம்னு சொல்லியிருக்காங்க. அடிச்சா உடனே எடுக்கணும். எடுக்காம விட்டுட்டா அந்த அம்மா மறுபடி அடிக்கிற ஆள் இல்லை.

கல்யாண விஷயம்தான். என் மகளுக்கு. வேற எதுக்கு சார் ஒரு மனுஷன் போனை உள்ளங்கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான்?

நீங்க பெரிய ஓட்டல்ல டீ குடிச்சிருக்கீங்களா? இந்த மூணு தட்டு வச்சுத் தருவாங்களே, அந்த டீ. குடிக்காதீங்க. நேத்து நான் போனேன். நான் யாரையும் குறை சொல்ற ஆள் இல்லை. ஆனா அந்த டீ மட்டும் சூடா, வாயில வைக்கிற மாதிரி இருந்திருந்தா, இந்நேரம் நான் இப்படி டவர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எனக்கு கோவில்பட்டி. மெயின் பஜார்ல பாத்திரக்கடை. தவசிலிங்கம்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. முப்பது வருஷமா எந்த வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம்னாலும் சீர் பாத்திரம் என் கடையிலேர்ந்துதான் போகுது. அண்டா, குடம், குத்துவிளக்கு, எல்லாத்துலயும் பேர் வெட்டிக் குடுக்கிறோம். வர்றவங்க சும்மா வாங்கிட்டுப் போவாங்களா? ‘அண்ணாச்சி, உங்க வீட்டு அண்டாவுக்கு எப்ப பேர் வெட்டப் போறீங்க?’ சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாங்க. நானும் சிரிச்சுக்கிட்டேதான் பில் போடுவேன்.

மகள் பேர் சங்கரேஸ்வரி. ஈஸ்வரின்னு கூப்பிடுவோம். சென்னையில ஒரு கண் ஆஸ்பத்திரியில பார்வை சோதிக்கிற வேலை. இருபத்தொன்பது முடியப் போகுது.

எங்க பக்கம் ஒரு வழக்கம் சார். உங்க பக்கம் எப்படியோ. பொண்ணு பார்க்க வர்றவங்க, சம்பந்தம் முடிவாகிறவரைக்கும் பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. சாப்பாடுன்னு இல்லை, ஒரு வாய் காப்பி கூடத் தொட மாட்டாங்க. தொட்டுட்டா சம்மதம்னு அர்த்தம். அப்புறம் மாட்டேன்னு சொன்னா ஊர் சும்மா விடாது. மூணு வருஷத்துல ஏழு வீட்டுக்காரங்க வந்தாங்க. ஏழு தடவை என் பொண்டாட்டி ராஜகனி கேசரி கிண்டினா. ஏழு தடவையும் நாங்களே தின்னோம்.

எட்டாவதா வந்ததுதான் இந்தக் கோமதி டீச்சர் குடும்பம். பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், சென்னையில குடியேறி வருஷமாச்சு. அந்த அம்மா ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ஓய்வு. அவங்க பார்த்தா நம்ம சட்டைப் பட்டன் எல்லாம் சரியா இருக்கான்னு நாமளே தடவிப் பார்த்துக்குவோம். புருஷன் நயினார் சார், பேங்க்ல இருந்தவரு, சாது. பையன் மணிசங்கர். நல்ல பையன். ரெண்டு மாசம் முன்னால கோவில்பட்டிக்கு வந்தாங்க. டீச்சர் ஈஸ்வரியைத் தனியா கூட்டிட்டுப் போய் அரை மணி நேரம் பேசினாங்க. தண்ணி கூட அவங்க கொண்டு வந்த பாட்டில்லதான் குடிச்சாங்க. ‘யோசிச்சுச் சொல்றோம் அண்ணாச்சி.’ அவ்வளவுதான். நான் வாரத்துக்கு ரெண்டு போன் போட்டேன். யோசிக்கிறோம், யோசிக்கிறோம்.

போன வாரம் அவங்களே கூப்பிட்டாங்க. ‘ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஈஸ்வரி குடியிருக்கிற வீட்டுக்கு வர்றோம். நீங்க ரெண்டு பேரும் வந்துருங்க, நேர்லயே பேசிடலாம்’னாங்க.

நேர்ல பேசிடலாம்னா என்ன சார் அர்த்தம்? போன்ல சொல்ல மனசு வராம, நேர்ல வந்து வேண்டாம்னு சொல்லப் போறாங்க. ஈஸ்வரி என்னமோ, ‘அப்பா, வரட்டும்ப்பா, நீங்க பேசாம இருங்க’ன்னா. அவளுக்கு என்ன தெரியும்?

அப்பதான் என் சகலை ஒரு யோசனை சொன்னான். சென்னையில டிராவல்ஸ் வச்சிருக்கான். ‘அண்ணே, கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டல். நாலு மணிக்கு மேல டீன்னு ஒண்ணு தருவான். நாம எதுவும் சொல்ல வேண்டாம், அவனே கொண்டு வந்து நடுவுல வச்சுருவான். பேச்சு சுவாரஸ்யத்துல கை தானா போகும்’னான். எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. வீடுன்னாத்தானே கை நனைக்க யோசிப்பாங்க? ஓட்டல்னா யோசிக்க மாட்டாங்க. ஆனா குடுக்கிறது யாரு? நான். அப்ப அது என் வீட்டுச் சாப்பாடுதானே? ஒரு வாய் உள்ள போயிருச்சுன்னா முடிஞ்சுது. தப்பா இதுல ஏதாவது இருக்கா? பொண்ணைப் பெத்தவன் செய்றதுதான்.

நாலரைக்குத்தான் இடம் இருக்குன்னான் ஓட்டல்காரன். ராஜகனி உடனே ஆரம்பிச்சுட்டா. ‘ஏங்க, ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு வரைக்கும் ராகுகாலம்ங்க.’

‘டீ குடிக்கிறதுக்கு எவடி நல்ல நேரம் பார்க்கிறா? அங்க என்ன தாலியா கட்டப் போறோம்?’னேன். வீட்டுக்கு வேண்டாம், நாலரைக்கு ஓட்டலுக்கே வந்துருங்கன்னு டீச்சருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்.

நேத்து நாலரைக்குப் போய் உட்கார்ந்தோம். நாற்காலின்னு ஒண்ணு போட்டிருக்கான் பாருங்க, உட்கார்ந்தா முட்டி நெஞ்சுக்கு வருது. மூலையில ஒருத்தன் பியானோ வாசிக்கிறான். ஏசி எலும்புல இறங்குது. அவங்க மூணு பேரும் நேரத்துக்கு வந்தாங்க. டீச்சர் பட்டுச்சேலை கட்டியிருந்தாங்க. மடியில ஒரு துணிப்பையை வச்சுக்கிட்டு, அதைக் கீழ வைக்கவே இல்லை. உட்கார்ந்ததும் எனக்கு மல்லிகைப்பூ வாசனை அடிச்சுது. ஓட்டல்காரன் ஏதோ சென்ட் அடிச்சிருக்கான்னு நினைச்சேன்.

கோட் போட்ட ஒரு ஆள் வந்து என்ன டீ வேணும்னு கேட்டான்.

‘டீதான்’னேன்.

‘எந்த டீ சார்?’

‘டீ டீ.’

ஒரு மரப்பெட்டியைத் திறந்து சின்னச் சின்ன கண்ணாடிக் குப்பிகளைக் காட்டி, முகர்ந்து பாருங்கங்கறான். எம்பது வகையோ என்னவோ. ஒண்ணுல காய்ஞ்ச பூ கிடக்கு. சாமிக்குப் போட்டு எடுத்த மாதிரி. ஈஸ்வரிதான் ஏதோ பேர் சொல்லி அனுப்பினா.

கொண்டு வந்து வச்சான். மூணு தட்டு, ஒண்ணு மேல ஒண்ணு, நடுவுல ஒரு கம்பி. நான் பாத்திரக்கடைக்காரன், முதல்ல கம்பியைத்தான் பார்த்தேன். முலாம் உரிஞ்சிருந்துச்சு. கீழ்த்தட்டுல ரொட்டி. ஓரத்தையெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டு, நடுவுல வெள்ளரிக்காயை வச்சு, ரெண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி வச்சிருக்கான். நடுத்தட்டுல ஸ்கோனாம். பன்னு மாதிரி இருக்கும், பன்னு இல்லை. பிஸ்கட் மாதிரி உடையும், பிஸ்கட்டும் இல்லை. மேல்தட்டுல சட்டைப் பட்டன் அளவுக்கு கேக். காரமா ஏதாவது இருக்கான்னு கேட்டேன். மிளகுத்தூள் டப்பாவைக் கொண்டு வந்து வச்சுட்டுப் போறான்.

டீயைச் சொல்லவே வேண்டாம். தண்ணி. ஒரு சொப்புல பால், அதுவும் ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த பால். ஊத்தினதும் டீ செத்துப் போச்சு. நான் ஒரு வாய் வச்சுட்டு முகம் மாறாம இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏன்னா நான் முகத்தைச் சுளிச்சா அவங்க எப்படிக் குடிப்பாங்க?

அவங்க குடிக்கலை சார். கோட்டுக்காரன் கூஜாவைத் தூக்கிக்கிட்டு வந்தா டீச்சர் கப்பை உள்ளங்கையால மூடிட்டாங்க. ‘இருக்கட்டும்’னாங்க. அம்மா மூடினதைப் பார்த்துப் பையனும் மூடினான். நயினார் சார் மட்டும் மூடலை. அவருக்கு ஊத்தினான். ஆனா தொடலை. அவங்க தொடாம நாங்க மட்டும் எப்படித் திங்கிறது? ஆறு பேரு, மூணு தட்டு, நடுவுல ஒரு ஈ கூட இல்லை.

பேச்சு ஓடுது. மழை, மெட்ரோ, ஈஸ்வரி ஆஸ்பத்திரி. டீச்சர் ஈஸ்வரிகிட்ட சிரிச்சுச் சிரிச்சுத்தான் பேசுறாங்க. ஆனா கண்ணு கடிகாரத்துல. அஞ்சு மணிக்குப் பார்த்தாங்க. அஞ்சேகாலுக்குப் பார்த்தாங்க. அஞ்சரைக்குப் பார்த்தாங்க. நயினார் சார் ரொட்டியைப் பார்த்தாரு. பாவம், பசி. டீச்சர் அவரு பக்கம் சாஞ்சு மெதுவா, ‘ஆறு ஆகட்டுங்க’ன்னாங்க.

கேட்டுச்சு எனக்கு. ஆறு மணி ஆனதும் எழுந்து போயிரலாம், வெளியே போய்ச் சாப்பிட்டுக்கலாம். வேற என்ன?

என் போன் பாக்கெட்ல ரெண்டு தடவை நடுங்குச்சு. எடுக்கலை. அந்த நேரத்துல போனையா பார்ப்பாங்க?

அஞ்சே முக்காலுக்கு மேல கோட்டுக்காரன் வந்து, ‘ஆறு மணியோட டீ முடியுது சார், இன்னும் ஏதாவது வேணுமா?’ன்னான். ஏற்கனவே வச்சதே அப்படியே இருக்கு. எட்டாவது வீடு சார். ஒன்பதாவதா யாரு வருவா?

டீச்சர் அப்ப குனிஞ்சு பைக்குள்ள எதையோ தேடிக்கிட்டு இருந்தாங்க. நான் இந்தப் பக்கம் நயினார் சாரைப் பிடிச்சேன். ‘சார், இது ஓட்டல் சாப்பாடு. என் வீட்டு அடுப்புல வெந்ததா? இதெல்லாம் கணக்குல வராது. சும்மா எடுத்துக்கோங்க’ன்னேன்.

‘வராதுங்கறீங்களா?’ன்னாரு.

‘எப்படி வரும்?’னேன்.

எடுத்தாரு. கடிச்சாரு.

அந்த நிமிஷம் எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. மூணு வருஷம் சார். எழுந்திட்டேன். ‘கை நனைச்சாச்சு! சம்பந்தி கை நனைச்சாச்சு! ராஜகனி, பார்த்துக்கோ. ஈஸ்வரி, எந்திரி, அத்தை மாமா கால்ல விழு!’ன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான் வந்துருச்சு. பியானோ நின்னு போச்சு. பக்கத்து மேஜை வெள்ளைக்காரங்க யாருக்கோ பொறந்தநாள்னு நினைச்சுக் கை தட்டினாங்க.

நயினார் சார் மெல்லுறதை நிறுத்திட்டாரு. ஒரு கன்னம் மட்டும் உப்பி இருக்கு. முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. டீச்சரையே பார்க்கிறாரு. அப்புறம் டிஷ்யூவை எடுத்து, வாயில இருந்ததை அதுல எடுத்து மடிச்சுத் தட்டு ஓரமா வச்சாரு.

அந்த அம்மா சத்தம் போடலை சார். போட்டிருந்தா பரவாயில்லை. ‘அண்ணாச்சி, கணக்குல வராதுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?’ன்னாங்க.

‘அது ஒரு பேச்சுக்குச் சொன்னது டீச்சர்.’

‘எது பேச்சுக்கு? அதுவா, இப்ப சொன்னதா?’

நான் சிரிச்சேன்.

மடியில இருந்த பையை மேஜை மேல வச்சாங்க. உள்ளேயிருந்து வாழையிலையில சுத்தின பூப்பந்தை எடுத்தாங்க. மல்லிகை. அப்புறம் வெத்திலை பாக்கு, குங்குமச் சிமிழ். ஒண்ணொண்ணா அந்த மூணு தட்டுக்குப் பக்கத்துல வச்சாங்க. ‘உங்க மகளுக்குப் பூ வைக்கத்தான் வந்தோம். நீங்க குறிச்ச நேரம் ராகுகாலமாப் போச்சு. சொன்னா உங்க மனசு நோகும்னு சொல்லாம உட்கார்ந்திருந்தேன். ஆறு அடிச்சதும் பூவை வச்சுட்டு, இந்த ஆறிப்போன டீயைத்தான் எல்லாரும் குடிக்கணும்னு இருந்தேன்.’

நான் மணி பார்த்தேன். அஞ்சு அம்பத்தி மூணு.

‘அப்ப நல்லதாப் போச்சு டீச்சர், இன்னும் ஏழு நிமிஷம்தானே? உட்காருங்க’ன்னேன். சரியாத்தானே சார் சொன்னேன்? வைக்கிறதுன்னு முடிவு பண்ணிக் கொண்டு வந்த பூ. ஏழு நிமிஷத்துல வாடிடுமா?

அந்த அம்மா பூவைத் திரும்ப இலையில சுத்தினாங்க. ‘பொண்ணு மேல எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா அவளை வச்சுக் கண்ணி போடுற வீட்டுல சம்பந்தம் பண்ணலாமான்னு வீட்டுக்குப் போய்த்தான் யோசிக்கணும். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள சொல்லி அனுப்புறோம்’னாங்க.

கண்ணியாம். டீ வாங்கிக் குடுத்தது கண்ணியா? ஆறு ஆகட்டும்ங்கறதை விளக்கிச் சொல்லியிருந்தா நான் என்ன காதடைச்சவனா? வாத்தியார் வேலை பார்த்தவங்க, முழுசாச் சொல்ல வேண்டாமா? டீ நல்லா இருந்திருந்தா அந்த அம்மாவே ஒரு வாய் குடிச்சிருப்பாங்க, பேச்சே வந்திருக்காது. அதுதான் சொல்றேன், எல்லாம் அந்த ஓட்டலாலதான்.

ஈஸ்வரியா? அவ எழுந்தா. ‘டீச்சர், அப்பாவை விட்டுருங்க’ன்னு எனக்குப் பரிஞ்சு பேசப் போறான்னு நினைச்சேன். அவ என்னைப் பார்த்து, ‘அப்பா, போதும்’னா. அவங்ககிட்ட, ‘வாங்க, கார் வரைக்கும் வர்றேன்’னு கூடவே போயிட்டா. மணிசங்கர் அந்தத் துணிப்பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போனான். கொஞ்ச நேரத்துல ராஜகனியும் போனா. யாரும் திரும்பி வரலை. கோட்டுக்காரன் பொட்டலம் கட்டித் தரவான்னு கேட்டான். எனக்குப் பசி சார். காலையிலேர்ந்து பதட்டத்துல எதுவும் சாப்பிடலை. அந்த ஸ்கோனை நான்தான் தின்னேன். ரெண்டு.

வீட்டுக்குப் போனப்புறம்தான் போனைப் பார்த்தேன். ஈஸ்வரி அனுப்பியிருக்கா. எனக்கு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டே அனுப்பியிருக்கா. ‘அப்பா, ஆறு மணி வரைக்கும் எதுவும் பேசாதீங்க.’ அடுத்தது, ‘ப்ளீஸ்ப்பா.’ பக்கத்துல வந்து காதுல சொல்லியிருக்கலாம்ல? இந்தக் காலத்துப் பிள்ளைங்க.

ராஜகனி ஈஸ்வரி கூடவே இருக்கா. ‘நீங்க காலை வண்டிக்குக் கிளம்புங்க, கடையைப் பார்க்கணும்ல’ன்னா. கடையில ஆள் இருக்காங்களேன்னேன். ‘முதலாளி இருக்கிற மாதிரி வருமா?’ன்னா. அதுவும் சரிதான். அவளுக்கு இப்பதான் வியாபாரம் பிடிபடுது.

மணி ரெண்டாகப் போகுது. அரியலூர் வந்தாச்சா? பாருங்க, மூணு கோடு காட்டுது. வேண்டாம்னு சொல்றதா இருந்தா காலையிலயே சொல்லியிருப்பாங்க, இல்லையா? நல்ல சேதின்னாத்தான் நேரம் பார்த்துச் சொல்வாங்க. இல்லை, கெட்ட சேதின்னாத்தான் தயங்குவாங்களோ? நீங்க என்ன நினைக்கிறீங்க? நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க.

இருங்க, இருங்க. அடிக்குது.

ஹலோ. ராஜகனியா? சொல்லு. கேக்குது, கேக்குது, நீ சொல்லு. யாரு பேசுற சத்தம் அங்க? டீச்சரா? வீட்டுலயா இருக்காங்க? எப்ப வந்தாங்க? … ம். … ம். … அப்படியா. நான் டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை, சரி, சரி, வேண்டாம். … யாரு? கொம்பையாவா? அவன் எதுக்கு? … யாரு சொன்னா? … ஈஸ்வரியா சொன்னா? போனை அவகிட்டக் குடு. … குடு ராஜகனி. … … ம். … சரி. … சரின்னுதான் சொல்றேன். ஸ்பீக்கர்ல கேக்கட்டும், சத்தமாத்தான் சொல்றேன். சரி.

முடிஞ்சிருச்சு சார். பூ வச்சுட்டாங்க. காலையிலயே வந்தாங்களாம், என் வண்டி கிளம்பின அரை மணி நேரத்துல. எப்படித்தான் அவ்வளவு சரியா வந்தாங்களோ. ராத்திரியே மணிசங்கர் அவங்க அம்மாகிட்டப் பேசிட்டானாம். ராஜகனி தோசை சுட்டுப் போட்டாளாம். நயினார் சார் அஞ்சு தோசை சாப்பிட்டாராம். டீச்சரும் சாப்பிட்டாங்களாம். தேதி கூடக் குறிச்சுட்டாங்க. வர்ற மாசம் நிச்சயம்.

சந்தோஷம்தான் சார். சந்தோஷமா இல்லாம?

அது ஒண்ணுமில்லை. நிச்சயத்துல ரெண்டு பக்கத்துக்காரங்களும் எழுந்து நின்னு தட்டு மாத்திக்குவாங்கல்ல, பொண்ணு பக்கம் பெத்த அப்பன்தான் பிடிக்கிறது. அதைக் கொம்பையா பிடிக்கட்டும்னு சொல்றாங்க. கொம்பையா ராஜகனியோட அண்ணன். கடம்பூர்ல இருக்கான். கேட்ட கேள்விக்குக் கூடப் பதில் சொல்ல மாட்டான், அப்படி ஒரு ஆளு. தாய்மாமன்தானே, தப்பில்லை. முறை இருக்கு.

டீச்சர் கேக்கலையாம் சார். அவங்க எதுவுமே கேக்கலையாம். ஈஸ்வரிதான் கேட்டாளாம், எல்லார் முன்னாலயும். போனை அவகிட்டக் குடுன்னேன், கை வேலையா இருக்கான்னு சொல்லிட்டா ராஜகனி.

நல்லதுக்குத்தான். எனக்கு முட்டி வலி. கீழ உட்கார்ந்து எழுந்திரிக்கிறது கஷ்டம், ஒரு கையை ஊணித்தான் எழுந்திரிப்பேன். தட்டைப் பிடிச்சுக்கிட்டு எப்படி எழுந்திரிக்கிறது? அதை யோசிச்சுத்தான் அவ சொல்லியிருப்பா. சின்ன வயசுலேர்ந்து அவளுக்கு என் மேல அவ்வளவு அக்கறை.

‘அப்பா எழுந்திரிக்க வேண்டாம்’னுதான் சொல்லியிருக்கா. வர வேண்டாம்னு சொல்லலையே சார்.